இரண்டு நிறத்தில் ஒரு மோரிஸ் மைனர்

வெயிலில் காய்ந்த தோல் சீட்டின் வாசம்... அதோடு கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் பெரியப்பா தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய். எங்கள் மோரிஸ் மைனரின் கதவைத் திறந்தால் முதலில் வருவது அதுதான்.

இந்தக் குழுவில் இதுவரை மற்றவர்களின் பழைய கார்களுக்கு லைக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் எப்படியோ தைரியம் வந்து எங்கள் காரின் படத்தைப் போட்டதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "உடம்பெல்லாம் சாம்பல், பானெட் மட்டும் ஏன் கிரீம்?"

கமெண்டில் அடங்காத கதை. அதனால் இங்கே...

புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் பக்கத்துப் பக்கத்தில். முன்பு இருவருக்கும் ஒரே எஸ்டேட்டில் வேலை. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பெரியப்பா எண்ணெய் மில்லில் ஃபிட்டர். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு டவுனுக்குப் போனபோது, கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த இந்தக் காரை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். கார் ஆளுக்குப் பாதி. சண்டையும் அப்படித்தான்.

பெரியப்பாவுக்கு எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டும். கதவுக் கைப்பிடியின் ஒரு ஸ்க்ரூவுக்காக ஈப்போ வரை போய் வந்தவர். அப்பாவுக்கு ஓடினால் போதும், பார்க்க அழகாக இருந்தால் இன்னும் நல்லது.

கோபம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு நிற்காது. பானெட்டைத் திறந்து ஒரு சாமானைக் கழற்றி, தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெரும்பாலும் ரோட்டர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஆனால் அது இல்லாமல் இன்ஜின் கிளம்பாது. கோபம் தணிந்ததும் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடுவார்கள். இருவரும் சாரி சொல்லி நான் கேட்டதே இல்லை. ரோட்டர் திரும்பி வந்தால் அதுதான் சாரி.

நான் பள்ளியில் ஃபார்ம் ஃபோர் படிக்கும்போது பெரியப்பாவின் மகள் ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் கோலா குபு பாரு. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"நம்ம மோரிஸ்லதான் சர்ச்சுக்குப் போவேன். அப்பாவும் சித்தப்பாவும் முன்னால ஒண்ணா உக்காந்து வரணும்."

பெரியப்பா உடனே சாம்பல் பெயிண்ட் வாங்கி வந்தார். கார் பிறந்தபோது இருந்த நிறமாம்.

"அண்ணே, இது கல்யாணக் காரா, சாவு வீட்டுக் காரா?"

"ஒரிஜினல் கலர்டா. உனக்கு என்னா தெரியும், குலை ஏத்துறவனுக்கு?"

சாம்பல் அடித்து முடிந்தது. மறுநாள் பெரியப்பா பத்திரிகை கொடுக்க சுங்கை புரோங் போய்விட்டுத் திரும்பியபோது, பானெட் மட்டும் கிரீம் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"பாருண்ணே, எப்படி?" என்றார் அப்பா.

பெரியப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெயிண்ட் காயும்வரை நின்றார். பானெட்டைத் திறந்தார். ரோட்டர் போனது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க இருவரும் பேசவில்லை. வேறு கார் சொல்லலாம் என்று பெரியம்மா சொன்னதற்கு அக்கா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"காரு கெடைக்கும்மா. இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வர மாட்டாங்களே..."

கல்யாணக் காலை. வெள்ளைச் சேலையில் அக்கா பின் சீட்டில், பக்கத்தில் பூச்செண்டைப் பிடித்தபடி நான். அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி... பிடிக்கவில்லை.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? ரோட்டர நேத்தே வச்சிட்டேன் லா!"

திறந்து காட்டினார். இருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

"டேய் சவரி. காயில் வயரு எங்கடா?"

அந்த வாரத்தில் அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு.

அப்பா ஸ்டியரிங்கையே பார்த்தார். "நீ கொண்டுபோயி பானெட்டுக்கும் சாம்பல் அடிச்சிருவியோன்னு... ரோட்டர் வந்ததும் இதக் கழட்டி ஒளிச்சு வச்சேன். கல்யாண வேலையில மறந்துட்டேண்ணே."

"எங்க வச்ச?"

அதுவும் மறந்துவிட்டது.

வாசலிலிருந்து அம்மாவின் குரல். "கறுப்பு வயரா? என் அரிசி டின்னுல கெடந்துச்சு! பாம்புன்னு நெனச்சுக் கத்துறேன், இந்த மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல!"

எதிர்வீட்டு அங்கிள் தன் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறும்மா, ஃபாதர் காத்துக்கிட்டிருப்பாரு."

"நான் எறங்க மாட்டேன் அங்கிள்." அக்காவின் குரல் உடைந்திருந்தது.

அதைக் கேட்டதும் பெரியப்பாவின் முகம் மாறியது. அம்மா கொண்டுவந்த வயரை வாங்கி, ஒட்டியிருந்த அரிசித் தூசியைக் கோட்டுக் கையிலேயே துடைத்து மாட்டினார்.

"இப்ப அடிடா."

பிடித்தது!

பெரியப்பா பானெட்டை மூடினார். கிரீம் நிறத்தின் மேல் ஒரு நொடி கை வைத்துப் பார்த்தார். "பெயிண்டு ஒழுகியிருக்கு... லோரிக்காரன் வேலை" என்று முனகிக்கொண்டே முன் சீட்டில் ஏறினார்.

சர்ச் வரை இருவர் வாயும் ஓயவில்லை. சோக்கை உள்ளே தள்ளு, கியரை மாத்து, எனக்குத் தெரியும்ணே, என்னா தெரியும் உனக்கு... அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு யாரும் அந்த பானெட்டுக்கு வேறு நிறம் அடிக்கவில்லை.

இப்போது நான் யூனி முடித்து ஷா ஆலமில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். என் கார் பட்டனை அழுத்தினால் கிளம்பும். அதன் பானெட்டை நான் இதுவரை திறந்ததே இல்லை.

பெரியப்பா மூட்டுவலியோடு அக்கா வீட்டுக்கே போய்விட்டார். மோரிஸ் எங்கள் வாசலில் நிற்கிறது. அதிலிருந்து எதையும் கழற்றிக்கொண்டு போக ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அப்பா வீடியோ கால் போட்டு, போனை இன்ஜின் பக்கம் பிடிப்பார். அங்கிருந்து பெரியப்பா காது கொடுத்துக் கேட்டு, திட்டத் தொடங்குவார்.

போன ஞாயிறு நானும் வீட்டில் இருந்தேன். கால் போடுவதற்கு முன் அப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினார். அதுவரை சீராக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திக்க ஆரம்பித்தது.

"ஏன்ப்பா... நல்லாத்தானே ஓடுச்சு?"

அப்பா போனை வேட்டியில் துடைத்தார்.

"நல்லா ஓடுனா, அண்ணன் என்கிட்ட என்னத்தப் பேசுவாரு?"