அம்மை வந்த வீட்டில் என் மாத்திரை

எனக்கு நாலாங்கிளாஸ் படிப்புதான். எழுத்து கோணலாக இருக்கும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரோ கூப்பிடுவது போலக் காதில் கேட்கும் நோய் எனக்கு. பாபநாசம் டாக்டர் கொடுத்த மாத்திரையால் பல வருஷமாக அந்தக் குரல் இல்லை. நடவுக்குப் போவேன், சமைப்பேன், நாலு பேரோடு சிரிப்பேன்.

போன தை மாதம் மருமகளுக்கு அம்மை போட்டது. ஆத்தா இருக்கும் வீட்டில் இங்கிலீஷ் மருந்து கூடாதென்று என் மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் தூக்கம் போனது. எட்டாம் நாள் காலையில் வாய்க்காலிலிருந்து என் பெயர் கேட்டது. தண்ணீரில் இறங்கிவிட்டேன். இடுப்பளவு வந்தபோது வீட்டுக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்.

“மாத்திரை போட்டியா இல்லியா?”

“ஆத்தா இருக்கையில எப்படிங்க போடுறது?”

வீட்டுக்கு வந்ததும் வேப்பிலையில் படுத்திருந்த மருமகள் சத்தம் போட்டாள். “ஆத்தா வந்தது எனக்குத்தானே, அத்தே? கோவிச்சுக்கிட்டா என்னைய கோவிச்சுக்கட்டும். நீங்க மொதல்ல டாக்டர்கிட்ட கெளம்புங்க.”

டாக்டர் திட்டவில்லை. “நல்லாத்தானேம்மா இருந்தீங்க? இனிமே என்னைக் கேக்காம நிறுத்தாதீங்க” என்று மறுபடி ஆரம்பித்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் குரல் அடங்கியது.

முன்பெல்லாம் வெட்கப்பட்டு மாத்திரையைப் புளிப்பானைக்குள் ஒளித்துவைப்பேன். இப்போது அது விளக்கு மாடத்தில், திருநீற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெருவில் எந்த வாசலில் வேப்பிலை சொருகியிருந்தாலும் கூச்சத்தை விட்டுப் போய் நின்று, “தெனம் மாத்திரை போடுறவங்க இருந்தா நிறுத்திடாதீங்க” என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்த யாராவது பார்த்து, நான் எழுதியதைத் திருத்திப் போடுங்கள்.