ஐனரின் ஐந்தாவது பலகை

ஃபோபோர்க் ஊரில் ஐனரை அறியாத கடைக்காரர் கிடையாது. தராசு சோதிக்கும் அதிகாரியாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் சோதிக்கத் தராசு இல்லை. வீட்டுச் சாமான்களைச் சோதிக்க ஆரம்பித்தார்.

சமையலறைக்கு ஓக் மர அலமாரிகளைத் தானே செய்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. கதவுகளுக்கு என்ன பூசுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டார். அக்டோபர் முதல் பன்னிரண்டு கதவுகளும் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. இப்போது ஜூன். வரும் சனிக்கிழமை மனைவி குட்ரூனுக்கு எழுபது வயது. முப்பது பேருக்கு விருந்து.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கதவு மாட்டலேன்னா விருந்தை உன் தங்கச்சி வீட்டுல வச்சுக்குவேன். என் சட்டிபானையை ஊரே பாக்க வேண்டாம்," என்றாள் குட்ரூன்.

ஐனருக்குச் சுருக்கென்றது. அந்த அலமாரிகளை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதானே அவர் செய்ததே.

ஜன்னலோரம் ஐந்து துண்டுப் பலகைகள் இருந்தன. இரண்டில் எண்ணெய், இரண்டில் வார்னிஷ். ஐந்தாவது வெறும் பலகை, ஒப்பிட்டுப் பார்க்க. ஞாயிறுதோறும் ஐந்திலும் பீட்ரூட் ஊறுகாய்ச் சாறும் காப்பியும் சொட்டவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்து, நோட்டில் மதிப்பெண் போடுவார்.

திங்களன்று எல்லாவற்றையும் கூட்டினார். வார்னிஷ் ஓரங்களில் உரிந்திருந்தது. எண்ணெய் போட்டவை பழுத்து மஞ்சளாகியிருந்தன. வெறும் பலகை மட்டும் கறையில்லாமல் வெளுத்து, தொட்டால் வழவழவென்று இருந்தது. மறுபடி கூட்டினார். அதற்கே முதலிடம்.

"குட்ரூன், எதுவும் பூசாததுதான் ஜெயிச்சிருக்கு. எனக்கே நம்ப முடியல."

"எது, அந்தக் காஞ்ச பலகையா? அதுக்குத்தான் வாராவாரம் சோப்பு போடுறேனே."

"சோப்பா?"

"சனிக்கிழமை மேஜைக்குப் போடறப்ப அதுக்கும் ஒரு கை. மத்ததெல்லாம் பளபளன்னு இருந்துச்சு, விட்டுட்டேன்."

வெள்ளைச் சோப்புத் துருவலை ஒரு வாளி வெந்நீரில் கரைத்து மரத்தில் தேய்த்து, கழுவாமல் அப்படியே காயவிடுவது அந்த வீட்டில் கல்யாணமான வாரத்திலிருந்து நடக்கிறது. அந்த வாளியைத் தாண்டித்தான் ஐனர் சனிக்கிழமை பேப்பர் எடுக்கப் போவார்.

"சோப்பு கழுவற சாமான். அது பூச்சு இல்ல," என்றார்.

"அப்ப நாப்பத்தஞ்சு வருஷமா நீ சாப்பிடற மேஜையில என்ன இருக்குன்னு நெனச்சே?"

"நல்ல மரம்னு நெனச்சேன்."

"தராசெல்லாம் இப்படித்தான் பாத்தியா, இன்ஸ்பெக்டரே?"

ஐனர் பென்சிலை எடுத்தார். நோட்டில் 'எதுவும் இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு 'சோப்பு' என்று எழுதினார். பிறகு வாளி எங்கே என்று கேட்டார். அதுவும் அவருக்குத் தெரியாது.

மூன்று நாள், காலையும் மாலையும், இருவரும் கதவுகளுக்குச் சோப்பு தேய்த்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டாவது கதவும் ஏறியது.

சனிக்கிழமை விருந்தில் குட்ரூனின் தம்பி கதவைத் தடவிப் பார்த்தான். "அருமையா இருக்கே அத்தான். என்ன பூசினீங்க?"

ஐனர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எட்டு மாசம், அஞ்சு பலகை..."

"சோப்புன்னு சொல்லு," என்றாள் குட்ரூன். "சாப்பாடு ஆறுது."