முன்கூட்டியே சீவிய மூங்கில் பத்தை

பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பாகூர் ஏரிக்கரையில் சடுகுடு நடக்கும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் ஆட்டத்துக்கு முன்பே வந்துவிடுவார். ஒட்டிய கன்னம், ஒரு காதில் மட்டும் கடுக்கன். ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டே, கட்டில் வைக்கிற மூங்கில் பத்தை சீவுவார். யாருக்கும் அடிபடாதபோதே அவர் அளவெடுத்துச் சீவுவது எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு வருஷம் பரிசு கொடுக்க எங்கள் கொம்யூனின் தலைவரான மேர் வந்திருந்தார். எங்கள் அணியில் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிற முரடன் ஒருவன் உண்டு. அவனைக் காட்டி, கட்டுப் போடுகிறவரிடம் "இது அவனுக்கா?" என்று கேட்டேன்.

"அவன் வுழுந்தா ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவான்பா. ஆட்டத்த நிறுத்திடுவாங்க. கத்தாதவன்தான் என்கிட்ட வருவான்."

இரண்டாவது முறை சடுகுடு பாடிப் போனபோது என் மணிக்கட்டு மடங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. மேர் பார்த்துக்கொண்டிருந்தார். மேலும் மூன்று முறை பாடிப் போனேன். ஜெயித்தோம்.

பிறகு வீங்கிய கையோடு, இடது காலை நீட்டியபடி கட்டுப் போடுகிறவர் முன்னால் உட்கார்ந்தேன். காலையில் சீவிய பத்தை என் முழங்கையிலிருந்து விரல் வரை கச்சிதமாகப் பொருந்தியது.

"வேற எங்கனா வலிக்குதா?"

"இல்ல" என்றேன்.

அவர் என் முழங்காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு இன்னொரு மூங்கிலை எடுத்தார். அது இதைவிட நீளம்.