சிடி போட இடமில்லாத கேப்டன்

வாஷிங் மெஷின் கம்பெனியின் உதிரிபாகக் கவுண்டரில் உட்கார்ந்து "இல்லை" என்று சொல்வதுதான் அவருடைய உத்தியோகம். உடைந்த குமிழைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு வந்து நீட்டுபவர்களை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "அந்த மாடல் நின்னுபோச்சு. காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்கணும்" என்பார். பொருளை எடுத்துக் கொடுத்த நாளைவிட, இல்லையென்று திருப்பி அனுப்பிய நாளில்தான் அவருக்கு நன்றாகப் பசிக்கும்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அவர் கேப்டன். பட்டம் கொடுத்ததும் அவரே. பழைய லேப்டாப்பில் சிடி போட்டு ஆடுகிற கப்பல் விளையாட்டு அது. சரக்கோடு புயலைத் தாண்டித் துறைமுகம் சேர வேண்டும். மொத்தம் பன்னிரண்டு புயல். பதினொன்றை ஊதித் தள்ளியவர், பன்னிரண்டாவதில் மட்டும் வருடக்கணக்காக மூழ்கிக்கொண்டிருந்தார். பழி மவுஸ் மேல், கரண்ட் மேல், குறுக்கே நடந்த மனைவி மேல். கண்ணை மூடுவதற்குள் அந்தக் கரையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர மனுஷனுக்கு வேறு பெரிய ஆசை கிடையாது.

தங்கைக்குக் கல்யாணமாகும்வரை அவள்தான் நிரந்தரப் பார்வையாளர். அவள் விரலை நீட்டினாலே இவருக்கு ரத்தம் கொதிக்கும். "தொடாதே, கெட்டுப்போயிடும். பக்கத்துல உக்காந்து பாரு." அவளும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் மூழ்குவதைப் பொறுமையாகப் பார்ப்பாள்.

போன மாதம் புது லேப்டாப் வந்தது. காகிதம் மாதிரி மெலிசு. எல்லா வசதியும் இருக்கிறதென்று பார்த்தவர்களிடமெல்லாம் அளந்துவிட்டு, பழையதைத் தங்கை வீட்டுக்குத் தானம் செய்தார். பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு பிரசங்கமும் இலவசம். பிறகு ஒரு சனிக்கிழமை சாவகாசமாக விளையாட உட்கார்ந்தபோதுதான் சிடி போடும் இடத்தைத் தேடினார். பக்கவாட்டில் தடவினார், கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் கடைக்குப் போன் போட்டார்.

"சார், அதெல்லாம் நின்னுபோச்சு. இப்ப யாரு சிடி போடுறாங்க? நாமதான் மாறிக்கணும்" என்றாள் கடைப்பெண்.

கேப்டன் போனை வைத்தார். "வாங்க வர்றவங்ககிட்ட பேசுற பேச்சா இது? என்ன திமிரு!"

"ஏங்க, வெளியிலேர்ந்து சொருகுற டிரைவ் விக்குதாமே. ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"எல்லாம் இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். இப்ப வால் ஒண்ணு கட்டித் தொங்கவிடச் சொல்றியா?"

மறுநாள் சிடி டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தார்: பழைய லேப்டாப்பில் ஆபீஸ் ஃபைல் ஒன்று மாட்டிக்கொண்டது, ஒரு வாரம் கொடு.

வாசலிலேயே கப்பல் சங்கு கேட்டது. டப்பாவைத் திறந்தார். காலி. விளையாட்டு, லேப்டாப்பின் வயிற்றுக்குள்ளேயே தானமாகப் போயிருந்தது.

தங்கை பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள், நிதானமான கை. திரும்பாமலே, "வா அண்ணா. என்ன திடீர்னு?" என்றாள்.

"ஒரு ஆபீஸ் ஃபைல்..." என்று ஆரம்பித்தவர் திரையைப் பார்த்தார். பன்னிரண்டாவது புயல். அலை கப்பலைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இவளோ நங்கூரத்தை இறக்கிவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓட்டு! ஓட்டு! மூழ்கிடும்!" கேப்டனின் கை மவுஸுக்குப் பாய்ந்தது.

"தொடாதே. பக்கத்துல உக்காந்து பாரு."

உட்கார்ந்தார். அலை அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. எதிரே ஒரு கரை தெரிந்தது. சின்னதாக ஒரு கலங்கரை விளக்கம், நாலைந்து பறவைகள். இத்தனை வருடமாக அவருக்கென்று காத்திருந்த கரையில் அவருடைய தங்கை இறங்கினாள். கேப்டனுக்கு வயிறு எரிந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

"இவ்ளோதானா?" என்றார். "சும்மா இருந்தா போதுமா?"

"போதும். ஆனா உன்னால முடியாது அண்ணா. உனக்குக் கை சும்மா இருக்காது."

அவள் சிடியை வெளியே எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, அவர் கையிலிருந்த டப்பாவில் வைத்து மூடினாள். "இந்தா, உன்னுது. எனக்கு முடிஞ்சுபோச்சு. லேப்டாப்பும் வேணும்னா எடுத்துட்டுப் போ. ஏதோ ஃபைலுன்னியே?"

வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேப்டன் டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கெதுக்கு? அந்த மாடலெல்லாம் நின்னுபோச்சு."

அன்றைக்கு அவருக்குப் பசிக்கவே இல்லை.