நெற்றிக்கு ஒரு ரூபாய்

போன வாரம் உழவர்கரைப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் போனை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் நான் மட்டும் நோட்டை நீட்டினேன். அந்தப் பெண் கல்லாவைத் துழாவிவிட்டு, மீதி ஒரு ரூபாய்க்குப் பதிலாக ஓர் ஆரஞ்சு மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்குச் சர்க்கரை வியாதி. அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எனக்குப் பின்னால் நின்ற இளைஞர் ஒருவர் எனக்காக வருத்தப்பட்டார். "இந்த ஒத்த ரூவா காச அடிக்கிறதயே நிறுத்திடணும் சார். அடிக்கிற செலவு அதவிட ஜாஸ்தியாம். யாரும் வாங்குறதும் இல்ல, குடுக்குறதும் இல்ல. நீங்க என்னா சொல்றீங்க?"

நான் சட்டென்று மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. மருந்து மாத்திரை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதே கேள்வியை ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அந்தப் பையனை நிற்க வைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றியிருப்பேன். எங்கள் தெருவில் போனில் காசு கொடுக்க முதலில் கற்றுக்கொண்டவன் நான். பர்ஸ் இல்லாமல் நடப்பதை ஏதோ சாதனை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். கீரைக்காரம்மாவிடம் போய், "ஒரு க்யூஆர் அட்டை வாங்கி மாட்டிக்குங்க, சில்லறைத் தொல்லை விட்டுச்சு" என்று உபதேசம் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது. ஏனென்றால் எங்கள் அப்பா இறந்துபோன அன்று, ஆளுக்கொரு செல்போன் வைத்திருந்த எங்கள் வீட்டில், அவர் நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு இல்லை.

உங்கள் பக்கத்தில் எப்படியோ, எங்களில் இறந்தவரைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் ஒரு ரூபாயை ஒட்டுவார்கள். சுடுகாட்டில் அதை எடுத்துவிடுவார்கள். அங்கே வேலை செய்கிறவருக்கு அது. மற்றதெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம். மாலை சிறியதாகப் போகலாம், மேளம் இல்லாமலும் போகலாம். நெற்றிக்காசு இல்லாமல் பாடையில் ஏற்றியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த மிட்டாய் வாயில் கரையக் கரைய, முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவும் அதன் முனையில் இருந்த பெட்டிக்கடையும் வந்துவிட்டன. இதே ஆரஞ்சு வாசனைதான். அந்தக் கடையில்தான் நான் முதன்முதலாக அவமானப்பட்டேன். எங்கள் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்தால் அவர் பெட்டியைத் திறக்கும்போதே வீடு முழுக்க சோப்பு வாசனை. எல்லோருக்கும் சோப்பு, சாக்லேட், எங்களில் யாருக்கும் பிடிக்காத ஒரு பாலாடைக்கட்டி. பூனைக்குப் பிடித்திருந்தது. ஒரு தடவை எனக்கு ஒரு பிராங்க் காசு கொடுத்தார். பளபளவென்று, விதை தூவிக்கொண்டு ஒரு பெண் நடப்பது போலப் படம். பெரிய பணக்காரன் ஆகிவிட்ட மிதப்பில் அதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கடையில் நீட்டினேன்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார்றா குடுத்தது? இது இங்க செல்லாதுடா" என்று கல்லா மேலேயே தட்டிக் காட்டினார். நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா அப்போதுதான் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். தலை மயிரிலெல்லாம் பஞ்சு. விஷயத்தைக் கேட்டு, "பத்தரமா வெய்யி. உங்க பெரியப்பா ஊருக்குப் போனா அங்க முட்டாய் வாங்கலாம்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பத்துக் காசு எடுத்துக் கொடுத்தார். அவர் பையில் எப்போதும் காசு குலுங்கும். சைக்கிளில் அவர் வருவதை மணியை வைத்தல்ல, பையின் சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். அவர் விரல்களில் இயந்திர எண்ணெயும் காசும் சேர்ந்த ஒரு வாடை இருக்கும். எனக்கு அது பிடிக்கும் என்று சொன்னால் பொய். அன்றைக்கு எனக்குப் பிடித்தது பெரியப்பாவின் சோப்பு வாசனைதான்.

பெரியப்பா மாதிரி அப்பாவும் பிரெஞ்சுக்காரர் ஆகியிருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை விட்டுப் போன பிறகு, வேண்டும் என்கிறவர்கள் அந்த நாட்டுக் குடியுரிமையை எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். ஒப்சியோன் என்பார்கள். அப்பாவுக்கு அப்போது இளவயது. அண்ணன் பேச்சைக் கேட்டு அவரும் வரிசையில் போய் நின்றார். நின்றவர் பாதியில் திரும்பி வந்துவிட்டார்.

எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் எங்கே தொடங்கினாலும் அந்த வரிசையில்தான் போய் முடியும். மில் மூடிய பிறகு இன்னும் மோசம். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள். "அன்னிக்கு இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா பட்டாளத்துல சேந்திருக்கலாம், இன்னிக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வரும். அப்படி என்னா அவசரம்?"

"பசிச்சுது. வந்துட்டேன்" என்பார் அப்பா. எத்தனை வருடம் கேட்டாலும் இதே பதில்தான்.

நாங்களும் அம்மா கட்சி. காலேஜில் என்னோடு படித்த சொல்தா வீட்டுப் பிள்ளைகள் புதுப் புது மோட்டார் சைக்கிளில் வருவார்கள். நான் அப்பாவின் சைக்கிளைப் பின்பக்கச் சந்தில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். நான் வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் மாலை, கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது அப்பா அவராகவே சொன்னார். "அங்க மேசைல இருந்த ஆளு எந்த நாடுன்னு கேட்டாரு. நான் முத்தியால்பேட்டைன்னேன். சிரிச்சுட்டாரு. அடுத்து நின்னவனும் சிரிச்சான். எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு, வந்துட்டேன்." சொல்லிவிட்டுச் சுண்டல் காகிதத்தைக் கசக்கிப் போட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னாலும் மறுபடி கேட்க முடியவில்லை. அவர் அந்த நாட்டை வேண்டாம் என்றதற்கு அதுதான் காரணம் என்றால், அதைவிடச் சரியான காரணம் எனக்கு இன்று வரை தெரியவில்லை.

அம்மா இறந்தபோது நெற்றிக்காசைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. கேட்ட உடனே அப்பா பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அதெல்லாம் ஒரு விஷயமாகவே இல்லாத காலம்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவருடைய சட்டைகள் துவைத்து மடித்து அலமாரிக்குள் போய்விட்டன. விடிகாலையில் உயிர் பிரிந்தது. வெயில் ஏறும் நேரத்துக்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. அவருடைய மகன் அந்தச் சமயம் விடுமுறைக்கு வந்திருந்தார். அவரைப் பிரான்சு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். காரியங்களை முன்னின்று நடத்தியது எங்கள் தாய்மாமா. குளிப்பாட்டியாயிற்று. மாமா சந்தனத்தை அப்பிவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டினார். "ஒத்த ரூவா குடுப்பா."

நான் இடுப்பைத் தடவினேன். ஈர வேட்டி. அக்கா கைப்பையைக் கொட்டினாள். கார்டுகளாக விழுந்தன. அக்கா புருஷன் சட்டைப் பையைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் பத்து ரூபாய்க் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். "இது செல்லாதுய்யா, எங்க கடைத்தெருவுல ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்று மாமா தள்ளிவிட்டார். அரசாங்கம் செல்லும் என்று எத்தனை முறை சொன்னாலும், எங்கள் ஊர்க்காரர்கள் தீர்ப்புச் சொன்னால் சொன்னதுதான். இரண்டு ரூபாய்க் காசு ஒன்று வந்தது. "ஜோடியா வெக்காத, இன்னொரு சாவு விழும்" என்றாள் ஒரு கிழவி. எல்லோரும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"வீட்டுல ஒரு ரூவா கூடவா இல்ல?" என்றார் மாமா. அவர் மெதுவாகத்தான் கேட்டார். கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

இருந்தது. ஒரே ஒரு காசு சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. அப்பா பிழைக்க வேண்டும் என்று என் மனைவி வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு. நான் அந்தப் பக்கம் பார்த்ததைக் கவனித்துவிட்டாள். "அது சாமி காசுங்க. அதத் தொடாதீங்க" என்றவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தெருவுக்கு ஓடினேன். டீக்கடையில் அட்டையைக் காட்டினார்கள். மருந்துக் கடையில் மிட்டாய் ஜாடியைக் காட்டினார்கள். "காசு யார் சார் இப்ப வெச்சிருக்கா?" என்றார் மருந்துக் கடைக்காரர். அவர் கல்லாவில் காசு இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. சாலையில் போகிறவர்களை மறித்தேன். வெற்றுடம்பு, ஈர வேட்டி, நரைத்த தாடி. "ஒரு ரூபா இருக்குங்களா?" ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தாமலேயே, "சில்லறை இல்லப்பா, போ" என்று கையை வீசிவிட்டுப் போனார். அந்தச் சொற்களை, அதே கைவீச்சோடு, நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அவரைக் கூப்பிட்டு, எங்கள் அப்பா இறந்துவிட்டார், அதற்குத்தான் கேட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த வண்டியை மறித்தேன்.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது மாமா நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அப்பாவின் நெற்றியில் காசு இருந்தது. சுற்றிலும் பொன்நிறம், நடுவில் வெள்ளி நிறம். ஒரு ஈரோ.

பிரான்சு அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. "எங்கிட்ட இதுதாம்பா இருந்துச்சு. சித்தப்பாவுக்கு என்னால ஆனது." பொய்யில்லாத அன்பு அது. அவரை நான் எப்படிக் கோபித்துக்கொள்ள முடியும்? "எப்படி ஜொலிக்குது பாரு. நூறு ரூவா வரும்ல?" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வரிசையிலிருந்து விலகி வந்த மனிதரின் நெற்றியில் அந்த நாட்டு முத்திரையைக் கடைசியில் ஒட்டிவிட்டார்கள். அதைத் தடுக்க இந்த நாட்டின் ஆகச் சிறிய காசு ஒன்று போதும். அது என்னிடம் இல்லை. எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். எடுத்துவிட்டு எதை வைப்பது? அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் கால்மாட்டில் போய் நின்றேன்.

சுடுகாட்டில் முகத்தை மூடுவதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிறவர் காசை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எந்த ஊர் காசு? இத வெச்சு நான் என்னா சார் பண்றது?" என்று என்னிடமே நீட்டினார். மாமா அது எவ்வளவு பெறும் என்று விளக்கத் தொடங்கினார். "இருக்கட்டும் சார், எனக்கு வேணாம். நம்ம காசு ஒண்ணு இருந்தா வெய்யுங்க" என்றார் அவர். கூடியிருந்த ஆண்கள் எல்லோரும் வானத்தையும் மரத்தையும் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு காசு பதிந்திருந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிச் சமன் செய்துவிட்டு முகத்தை மூடினார். என் அப்பா நெற்றியில் ஒன்றுமில்லாமல் போனார். அந்த ஈரோ போயிற்றே என்று ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த கணமே அந்த நிம்மதியும் வெட்கமாகிவிட்டது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டி, "கூலிய இதுலயே போட்டுடுங்க சார்" என்றார். அக்கா புருஷனிடம் கொடுத்து வைத்திருந்த என் போனை வாங்கித் தொகையைப் போட்டு அனுப்பினேன். அவருடைய போன் சத்தமாகத் தொகையைப் படித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா சார், கல்யாண மொய் மாதிரி ஒண்ணு சேத்துப் போட்டிருக்கீங்க?"

வருடக்கணக்காகக் கல்யாண வீடுகளுக்கு அனுப்பி அனுப்பிப் பழகிய விரல். சாவுக் காரியம் என்று அதற்குத் தெரியவில்லை, முழுத் தொகையோடு ஒன்றைச் சேர்த்துவிட்டது. நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவெல்லாம் ஓடி, பார்த்தவர்களிடமெல்லாம் கையேந்திக் கிடைக்காத அந்த ஒரு ரூபாய், காலையிலிருந்து என்னிடமேதான் இருந்திருக்கிறது. காசு அடிப்பதை நிறுத்தலாமா வேண்டாமா என்று இனிமேல்தான் முடிவெடுக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அது எப்போதோ நின்றுபோயிருந்தது. ரூபாய் அப்படியே இருக்கிறது. செத்துப்போன ஒருவரின் நெற்றியில் வைப்பதற்கு அதற்குத்தான் உடம்பு இல்லை.