இப்ப வாறன்

எங்கள் அக்கா உயர்தரப் பரீட்சைக்குப் பௌதிகம் படித்த காலத்தில் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. தான் படித்ததையெல்லாம் எங்களுக்கும் படிப்பிக்கப் பார்ப்பாள். அன்று காலையும் புத்தகத்தோடு குசினிக்குள் வந்து, "எல்லாருக்கும் பொதுவான 'இப்ப' எண்டு ஒண்டு இல்லையாம், அம்மா. ஒராளுக்கு ஒரே நேரத்திலை நடக்கிறது, வேறை வேகத்திலை போறவருக்கு முன்னுக்குப் பின்னாய் நடக்குமாம்" என்றாள்.

"இப்ப இல்லையெண்டால், இந்தச் சட்டியை எப்ப கழுவுவாய்?" என்று கேட்டார் அம்மா.

கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பியது. அப்பா விடியுமுன்னமே கடலுக்குப் போயிருந்தார். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாய்க் கரையேறின, அவருடையதைக் காணவில்லை. போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டே வாசலுக்கும் குசினிக்குமாய் நடந்தார். நானும் அவர் பின்னாலேயே நடந்தேன்.

மத்தியானம் அக்காவின் போன் சிணுங்கியது. அப்பாவின் குரல்பதிவு. "இஞ்சாரும், இப்ப வாறன். உலையை வையும்." கரைக்குத் திரும்பும்போது வழக்கமாக அனுப்புவதுதான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு உலை வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்பா இப்போதுதான் வந்துகொண்டிருந்தார்.

அக்கா போனை வெடுக்கென்று பறித்தாள். அது காற்று எழும்புமுன் அனுப்பியது, சிக்னல் இல்லாமல் தங்கிக் கிடந்து பிந்தி வந்தது என்பதைத் திரையில் பார்த்துவிட்டாள். அந்தக் கணக்குப்படி அப்பா எப்போதோ வந்திருக்க வேண்டும். அப்போது எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் கடற்கரைக்கு ஓடி, அங்கே நின்ற ஆட்களிடம் சொல்லியிருக்கிறாள். காற்றுச் சற்றுத் தணிய ஒரு படகு தேடிப் போனது. நாங்கள் குழம்புக்குப் புளி கரைத்த நேரத்தில், அப்பா கவிழ்ந்த படகைப் பிடித்தபடி தண்ணீரில் கிடந்தார்.

பொழுதுபட வாசலில் காலடி கேட்டது. "இதுதானோ உங்கடை இப்ப? சோறு ஆறிப்போச்சு" என்று குசினிக்குள் இருந்தபடியே அம்மா சண்டையைத் தொடங்கினார். வாசலில் அக்கா அப்பாவின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மத்தியானமே வாறன் எண்டு சொன்னவர்தானே. இப்ப ஏன் அக்கா அழுறாய்?" என்றேன்.

புத்தகத்தில் இருந்தது ஒளியும் வேகமும் பற்றிய கணக்கு, அது வேறு. எங்கள் வீட்டுக் கணக்கில் அம்மாவுக்கும் எனக்கும் அப்பா மத்தியானமே கரையேறிவிட்டார். அந்தப் பின்னேரம் முழுவதும் அக்காவும் கடலில்தான் கிடந்தாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.