அல்லாலுக்குச் சொல்லப்பட்ட முடிவுகள்

காசாபிளாங்காவின் தெர்ப் கலெஃப் சந்தையில் என் கடைக்கு எதிர்க்கடை அல்லாலுடையது. நான் ஜிலாலி, கேம் கருவிகளைப் பழுது பார்ப்பவன். அவர் பழைய கேம் தட்டுகளை வாங்கி விற்பவர். பிறவியிலேயே அவருக்குக் கண் தெரியாது. இதைக் கேட்டு உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தட்டை விரலால் ஒரு தடவு தடவி, "ஓரத்துல கீறல் இருக்கு, நாப்பது திர்ஹம்தான்" என்கிற மனிதருக்கு யாருடைய இரக்கம் வேண்டும்?

தட்டைத் திருப்பி விற்க வருகிறவர்கள் ஆட்டத்தின் கதையை முடிவுவரை அவருக்குச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பேரம். இப்படிக் கேட்டுக் கேட்டே இருபது வருடத்தில் ஆயிரம் ஆட்டங்கள் அவருக்கு மனப்பாடம். யாருக்கு எது ஒத்துவரும் என்று அவர் எடுத்துக் கொடுத்தால் தப்பாது. ஒரு போலீஸ்காரரிடமே, "உங்களுக்குச் சண்டை ஆட்டமெல்லாம் சரிப்படாது. இந்தாங்க, பண்ணை வச்சு ஆடுங்க" என்றார். அந்த மனிதர் மறுவாரமே வந்து, அதே மாதிரி இன்னொன்று கேட்டு வாங்கிப் போனார்.

போன வருடம் தட்டே போடாத கருவிகள் வந்து இறங்கின. ஆட்டம் இணையத்திலிருந்து இறங்குகிறது. அதை மறுபடி விற்கவும் முடியாது, இரவல் தரவும் முடியாது. "அந்தச் சனியன் என் கடைப்படி ஏறாது" என்று சபதம் போட்டார் அல்லால்.

அந்தச் சபதத்தை உடைத்தவள் இஹ்ஸான். வங்கியில் வேலை, கடைக்குப் புது வாடிக்கை.

"அல்லாலண்ணே, அப்பாவும் மகளும் துறைமுகத்துக்குத் தப்பிச்சுப் போற ஆட்டம் இருக்கில்ல? அதைப் புதுசா பண்ணியிருக்காங்க. திரையில இருக்கறதை வாயாலயே சொல்லுது. சுவர் எந்தப் பக்கம்னு காதுல கேக்குது, எதிரி வந்தா கையில அதிருது. நீங்களே ஆடலாம்!"

"தட்டு எங்க?"

"தட்டு கிடையாதுண்ணே. இறக்கிக்கறதுதான்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "நாளைக்குக் கொண்டா" என்றார்.

அந்தக் கதை என்றால் அவருக்கு உயிர். அப்பாவும் மகளும் கப்பல் ஏறினார்கள் என்றுதான் எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தோம். உண்மையில் கரையிலேயே மகள் செத்துப்போவாள். முடிவு நல்லபடியாக இருந்தால் மனிதர் குளிர்ந்துபோய்ப் பத்து திர்ஹம் கூட்டித் தருவார். பாழாய்ப்போன அந்தப் பத்து திர்ஹத்துக்காகச் சந்தையே சேர்ந்து பொய் சொல்லியிருந்தது, நானும்தான்.

இஹ்ஸான் கருவியைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் நாள் ஆட்டத்தில் ஒரே பள்ளத்தில் பத்தொன்பது தடவை விழுந்தார். நான்காம் நாள் நாய்கள் துரத்திக் கடித்துக் குதறின. சாப்பிட வாங்கிய முஸம்மன் ரொட்டி தொடாமலே கிடந்தது. ஒன்பதாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும்ண்ணே, விட்டுடுங்க. மிச்சத்தை நான் ஆடிக் கதையைச் சொல்லிடறேன்."

"கையை வச்சே, முறிச்சுடுவேன்! இருபது வருஷமா ஊரான் ஆடினதைக் கேட்டாச்சு. இது என்னுது. என் கையால அந்தப் பொண்ணைக் கப்பல் ஏத்தணும்."

அந்தப் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. என் பொய்யை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் துறைமுகத்தை எட்டிவிட்டார். சந்தைக்காரர்கள் பாதிப்பேர் அங்கே நின்றிருந்தோம். துப்பாக்கி வெடித்தது. "மகள் கீழே விழுகிறாள்" என்றது கருவி. "அவளுக்கு மூச்சு இல்லை." அப்பா தனியாகக் கப்பல் ஏறினார்.

அல்லால் ஆட்டக் கைப்பிடியை மெதுவாக மடியில் வைத்தார்.

"நான் எங்கயோ தப்பா ஆடிட்டேன். என்னாலதான் பொண்ணு போயிடுச்சு. இல்ல ஜிலாலி?"

அதைக் கேட்டபிறகும் எப்படிப் பொய் சொல்வது?

"இல்லண்ணே. யார் ஆடினாலும் அது சாகும். நாங்கதான்... பத்து திர்ஹம் கூடக் கிடைக்கும்னு..."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

"அப்ப மத்த ஆட்டமெல்லாம்?"

பின்னால் நின்றவர்கள் மெல்ல நழுவும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே கைப்பிடியைத் தேடி எடுத்தார்.

"இஹ்ஸான், இதுல வேற என்னென்ன ஆட்டம் வாயால சொல்லும்? ஒண்ணு விடாம இறக்கு. இந்தத் திருட்டுப் பசங்களை இனிமே நம்பறதா இல்ல."